லேயர்கள் ஏன் நேராக நிற்க மறுக்கின்றன? – வாசகர் கேள்வி பதில்

போட்டோஷாப் போன்ற படத்தொகுப்பு மென்பொருளில் லேயர்களை (படத்தின் பகுதிகளைத் தனித்தனியே வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் அடுக்குகளை) ஒழுங்குபடுத்துவது பற்றிச் சென்ற இதழில் எழுதிய குறிப்பைத் தொடர்ந்து, மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர்கள், ஆல்பம் செய்பவர்கள், பிளெக்ஸ் பேனர் போடுபவர்கள் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் வெவ்வேறாக இருந்தாலும் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான். நம் கண் படத்தின் உருவத்தைப் பார்க்கிறது. மென்பொருளோ அந்த உருவத்தைச் சுற்றித் தான் வரைந்துகொண்ட, கண்ணுக்குத் தெரியாத செவ்வகத்தை அளக்கிறது. அந்தச் செவ்வகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். தேர்ந்தெடுத்த சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, கல்யாணப் பத்திரிகையின் முகப்பில் மணமகள் பெயரையும் மணமகன் பெயரையும் இருபுறமும் எழுதி, இரண்டு லேயர்களையும் தேர்ந்தெடுத்து, அலைன் (நேராக்கும்) பொத்தான்களில் செங்குத்து மையத்தைச் சொடுக்கினேன். ஒரு பெயர் மேலேயும் மற்றது கீழேயும் நிற்கிறது. எழுத்துரு, அளவு எல்லாம் ஒன்றுதான். மென்பொருளில் கோளாறா?
— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: மென்பொருளில் கோளாறு இல்லை. தமிழ் எழுத்தின் இயல்பை அது அறியாததுதான் காரணம். தமிழில் இந்த வேலை செய்யும் அனைவரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உதாரணமாக ஒரு பெயர் 'மீனா', மற்றொன்று 'முருகு' என்று வைத்துக்கொள்வோம். 'மீ' என்ற எழுத்தில் ஈகாரக் குறி தலைக்கு மேலே சுழித்து எழுகிறது. அந்தச் சொல்லில் கீழே இறங்கும் உறுப்பு எதுவும் இல்லை. 'முருகு' என்ற சொல்லில் மூன்று எழுத்துகளிலும் உகரக் குறி கீழே இறங்குகிறது. மேலே எழும் உறுப்பு இல்லை. எழுத்தின் உடற்பகுதி மட்டும் 100 பிக்சல் (படத்தை உருவாக்கும் மிகச் சிறிய சதுரப் புள்ளி) உயரம் என்றும், மேலே எழும் பகுதியும் கீழே இறங்கும் பகுதியும் ஒவ்வொன்றும் 40 பிக்சல் என்றும் கொள்ளுங்கள். இரண்டு சொற்களின் செவ்வகமும் 140 பிக்சல் உயரம்தான். ஆனால் 'மீனா'வின் செவ்வகத்தில் மையத்துக்கு 70 பிக்சல் கீழே எழுத்தின் அடிக்கோடு, அதாவது எழுத்தின் உடல் உட்காரும் கற்பனைக் கோடு, இருக்கிறது. 'முருகு'வின் செவ்வகத்தில் மையத்துக்கு 30 பிக்சல் கீழேயே அடிக்கோடு வந்துவிடுகிறது. இரண்டு மையங்களையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் அடிக்கோடுகள் 40 பிக்சல் விலகி, 'மீனா' தாழ்ந்து நிற்கும். நீங்கள் கண்டது இதைத்தான்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளால் மட்டும் எழுதினால் இந்தச் சிக்கல் ஏறக்குறைய வருவதே இல்லை. எல்லா எழுத்துகளும் ஒரே உயரம். தமிழில் புள்ளியும், இகர ஈகாரக் குறிகளும், உகர ஊகாரக் குறிகளும் சொல்லுக்குச் சொல் செவ்வகத்தின் உயரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். எனவே தமிழ்ச் சொற்களை அக்கம்பக்கமாக நிறுத்துவதற்கு மைய அலைன்மென்டை நம்பவே கூடாது. அடிக்கோட்டைத்தான் நம்ப வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. முதல் பெயரை இழுத்துப் பெட்டி போடாமல், ஒரே ஒரு சொடுக்கில் தொடங்கித் தட்டச்சு செய்யுங்கள். பத்தி அமைப்பில் நடு ஒழுங்கைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கன்ட்ரோல் – ஜே அழுத்தி அந்த லேயருக்கு ஒரு நகல் எடுத்து, மூவ் டூலில் ஷிப்டை அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் இழுங்கள். ஷிப்ட் அழுத்தியிருப்பதால் அது மேலேயோ கீழேயோ நகராது. உரிய இடத்தில் விட்ட பின், அந்த நகலின் சொல்லை அழித்துவிட்டு இரண்டாவது பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். அடிக்கோடு முதலில் இருந்த இடத்திலேயே இருக்கும். இனி அலைன் பொத்தானைத் தொடவே வேண்டியதில்லை.

இதே உத்தியை வேறொரு இடத்திலும் பயன்படுத்தலாம். ஒரு வண்ணப் பட்டைக்கு நடுவில் ஊரின் பெயரையோ மண்டபத்தின் பெயரையோ எழுத வேண்டுமானால், முதலில் 'ம' என்ற ஒற்றை எழுத்தை மட்டும் தட்டச்சு செய்து, அதைப் பட்டையின் மையத்துக்கு அலைன் செய்துகொள்ளுங்கள். 'ம' என்பதில் மேலே எழுவதும் கீழே இறங்குவதும் இல்லையாகையால், எழுத்தின் உடல் சரியாக நடுவில் வந்து நிற்கும். பிறகு அந்த 'ம'வை நீக்கிவிட்டு வேண்டிய சொல்லை அதே லேயரில் எழுதுங்கள். குறிகள் மேலும் கீழும் எங்கே போனாலும் சொல்லின் உடல் பட்டையின் நடுவிலேயே இருக்கும், வாசிப்பவரின் கண்ணுக்கும் அதுவே நேராகத் தெரியும்.

கேள்வி: வெட்டியெடுத்த உருவப்படத்தைக் கேன்வாஸின் (படப்பரப்பின்) நடுவில் நிறுத்த அலைன் செய்தால், உருவம் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. எத்தனை முறை செய்தாலும் அதே இடம்தான்.
— ஒரு வாசகர், மேலூர்

பதில்: எத்தனை முறை செய்தாலும் அதே இடத்தில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதுதான் துப்பு. மென்பொருள் தடுமாறவில்லை, தனக்குத் தெரியும் ஏதோ ஒரு விளிம்பை ஒவ்வொரு முறையும் சரியாகவே அளக்கிறது. பின்னணியை அழிப்பானால் அழித்திருப்பீர்கள். மென்மையான முனையுள்ள அழிப்பான், கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மெலிந்த பிக்சல்களை வலப்பக்க மூலையில் எங்கேயாவது விட்டுவைத்திருக்கும். ஓரிரு விழுக்காடு மட்டுமே அடர்த்தியுள்ள அந்தத் துகளும் மென்பொருளின் கணக்கில் உருவத்தின் ஒரு பகுதிதான். அதையும் சேர்த்துச் செவ்வகம் வலப்பக்கம் நீண்டுவிடுகிறது. செவ்வகம் நடுவில் நிற்க வேண்டுமானால் உருவம் இடப்பக்கம் ஒதுங்கித்தானே ஆக வேண்டும்?

கன்ட்ரோல் – டி அழுத்திப் பாருங்கள். உருவத்தைச் சுற்றி வரும் சட்டம் உருவத்தோடு ஒட்டாமல் ஒரு பக்கம் வெகுதூரம் போயிருந்தால் சந்தேகம் உறுதி. துகள் எங்கே இருக்கிறது என்று பார்க்க, அந்த லேயருக்கு லேயர் ஸ்டைலில் பளிச்சென்ற சிவப்பு ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) ஒன்றை மூன்று பிக்சல் கனத்தில் கொடுங்கள். மறைந்திருக்கும் துகள்களைச் சுற்றியும் சிவப்புக் கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். பிறகு லாசோ என்ற தேர்வுக் கருவியால் உருவத்தைச் சற்றுத் தள்ளிச் சுற்றித் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் – ஷிப்ட் – ஐ அழுத்தித் தேர்வைத் தலைகீழாக்கி, டிலீட் செய்யுங்கள். ஸ்ட்ரோக்கை நீக்கிவிட்டு மறுபடி அலைன் செய்தால் சரியாக நிற்கும்.

ஜிம்ப் என்ற இலவசப் படத்தொகுப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இது இன்னும் வெளிப்படையாக நடக்கும். அதில் ஒவ்வொரு லேயருக்கும் தனி எல்லை உண்டு. மஞ்சளும் கறுப்புமான விட்டுவிட்ட கோடாகத் திரையிலேயே தெரியும். உருவம் சிறியதாக இருந்தாலும் லேயரின் எல்லை படம் முழுவதும் பரவியிருந்தால், அலைன் கருவி வழக்கமாக அந்த எல்லையைத்தான் அளக்கும். லேயர் பட்டியலில் உள்ள 'கிராப் டு கன்டென்ட்' கட்டளையைக் கொடுத்து எல்லையை உருவத்தோடு ஒட்டச் செய்துவிட்டு, பிறகு அலைன் செய்யுங்கள்.

துகள் எதுவும் இல்லாமலும் உருவம் ஒதுங்கித் தெரியலாம். ஒருவர் ஒரு கையை நீட்டிக்கொண்டு நிற்கும் படத்தில் செவ்வகத்தின் மையம் முகத்தில் விழாது, தோளில் விழும். அங்கே எந்தப் பொத்தானும் உதவாது. நடுவில் ஒரு செங்குத்து வழிகாட்டிக் கோட்டை இழுத்து வைத்து, மூக்கை அதன் மேல் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

கேள்வி: அலைன் பொத்தான்கள் அனைத்தும் மங்கலாகவே இருக்கின்றன. சொடுக்க முடியவில்லை.
— ஒரு மாணவர், உசிலம்பட்டி

பதில்: ஒரே ஒரு லேயரைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். எதோடு நேராக்குவது என்று மென்பொருளுக்குத் தெரியாது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இரண்டாவது லேயரையும் சொடுக்குங்கள், அல்லது கன்ட்ரோல் – ஏ அழுத்திக் கேன்வாஸ் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். இடைவெளிகளைச் சமமாகப் பங்கிடும் பொத்தான்களுக்குக் குறைந்தது மூன்று லேயர்கள் வேண்டும். பேக்ரவுண்ட் லேயரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால், அது இருந்த இடத்தில் இருக்க, மற்றவை அதற்கேற்ப நகரும்.

கேள்வி: சித்திரைத் திருவிழாவுக்காக 25 அடி அகலத்தில் ஒரு பேனர் செய்தேன். பின்னணியில் மூன்று நிறப் பட்டைகளைச் சம அகலத்தில் அருகருகே வைத்தேன். 33.33 விழுக்காட்டிலும் 66.67 விழுக்காட்டிலும் வழிகாட்டிக் கோடுகள் போட்டு, அவற்றில் ஒட்டும்படி பட்டைகளை வரைந்தேன். ஆனால் பட்டைகள் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. திரையில் மட்டும்தான் தெரிகிறதா, அச்சிலும் வருமா?
— பிளெக்ஸ் வடிவமைப்பாளர், மதுரை

பதில்: உங்கள் கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் எண்ணிலேயே விடை இருக்கிறது. அச்சிலும் வரும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் குடமுழுக்குப் பேனரில் இதே கோடு விழுந்து, கட்டுவதற்கு முந்தைய நாள் இரவில் முழுவதையும் மறுபடி அச்சிட வேண்டிய நிலைக்கு நான் ஆளாகியிருக்கிறேன். அச்சிட்டவர் மீது தவறு இல்லை. கோப்பிலேயே அந்தக் கோடு இருந்தது, நான் பார்க்கவில்லை. ஆகவே இதை முழுமையாக எழுத விரும்புகிறேன்.

25 அடி என்பது 300 அங்குலம். அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று வைத்தால் 21,600 பிக்சல். இதை மூன்றால் வகுத்தால் துல்லியமாக 7,200 வருகிறது. ஆனால் நீங்கள் 33.33 விழுக்காடு என்று கொடுத்திருக்கிறீர்கள், அது 7,199.28 பிக்சல். வழிகாட்டிக் கோடு ஒரு பிக்சலின் நடுவே விழுந்துவிட்டது. அந்த ஒரு பிக்சலில் இடப்பக்கப் பட்டை 28 விழுக்காடும் வலப்பக்கப் பட்டை 72 விழுக்காடும் பரவியிருக்கின்றன. 28-உம் 72-உம் சேர்ந்தால் 100 ஆயிற்றே, பிறகு வெள்ளை எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். மென்பொருள் அவற்றைக் கூட்டுவதில்லை. பிக்சலுக்குள் பாதி இடத்தை மட்டும் நிரப்ப அதற்கு வழி கிடையாது. ஆகவே 28 விழுக்காடு பரப்பை, பிக்சல் முழுவதும் 28 விழுக்காடு அடர்த்தியாகப் பூசுகிறது. அதனூடே 72 விழுக்காடு வெள்ளை தெரிகிறது. அதன் மேல் அடுத்த பட்டையை 72 விழுக்காடு அடர்த்தியில் பூசும்போது, மிஞ்சியிருந்த வெள்ளையில் 28 விழுக்காடு தப்பித்துக்கொள்கிறது. 72-இல் 28 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 20. அதாவது அந்தப் பிக்சலில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளை நிற்கிறது. அதுதான் உங்கள் மயிரிழை.

முதலில், திரை ஏமாற்றுகிறதா என்று சோதித்துவிடுங்கள். பார்வை அளவு 33.3 விழுக்காட்டிலோ 66.7 விழுக்காட்டிலோ இருக்கும்போது மென்பொருள் பிக்சல்களைச் சுருக்கிக் காட்டுவதால் இல்லாத கோடுகளும் தெரியும். 100 விழுக்காட்டில் பாருங்கள். அங்கேயும் கோடு இருந்தால் அது உண்மை.

உண்மையாக இருந்தால், அளவுகோலின் அலகைப் பிக்சலுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு பட்டையையும் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸ் பலகத்தில் அகலத்தை 7,200 என்றும், தொடங்கும் இடத்தை 0, 7,200, 14,400 என்றும் முழு எண்களாகவே கொடுங்கள். வடிவங்களைப் பிக்சல் கட்டத்தில் ஒட்ட வைக்கும் விருப்பம் அமைப்புகளில் இருக்கிறது. அதை இயக்கியே வைத்திருங்கள். இதைவிடவும் நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. தச்சர் இரண்டு பலகைகளை வெறுமனே முட்டுக்கு முட்டு நிறுத்துவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று படியும்படி வெட்டிச் சேர்ப்பார். நீங்களும் கீழே உள்ள பட்டையை அடுத்த பட்டைக்கு அடியில் 20 பிக்சலாவது நீட்டி விடுங்கள். அப்போது எண்ணில் பிழை வந்தாலும் வெள்ளை எட்டிப் பார்க்க வழியிருக்காது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 25 அடிக்கு உங்கள் கோப்பு தாங்கியது. நாளை 40 அடிப் பேனர் வந்தால் அதே 72 கணக்கில் 34,560 பிக்சல் ஆகிவிடும். போட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கம் 30,000 பிக்சலுக்கு மேல் தாங்காது. அப்போது அவசரத்தில் பலரும் படத்தை விழுக்காட்டுக் கணக்கில் சுருக்குகிறார்கள். முழு எண்ணில் இருந்த விளிம்புகள் எல்லாம் மறுபடி பின்னத்துக்குப் போய்விடுகின்றன. தொடக்கத்திலேயே அங்குலத்துக்கு 50 பிக்சல் என்று வைத்தால் 40 அடிக்கு 24,000 வரும். பத்து அடித் துண்டு ஒவ்வொன்றும் 6,000. ஒட்டுவதற்காக விடும் ஓர் அங்குல மடிப்பு 50. எல்லாம் முழு எண். சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு இந்த அடர்த்தி போதும்.

கேள்வி: ஆல்பத்தின் ஒரு விரிப்பில் (எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்தது) 301 பிக்சல் அகலமுள்ள சின்னத்தை 1,000 பிக்சல் பட்டையின் நடுவில் வைத்தேன். இருபுற இடைவெளியும் ஒரு பிக்சல் வேறுபடுகிறது. எவ்வளவு முயன்றும் சரியாகவில்லை.
— ஒரு வாசகர், வாடிப்பட்டி

பதில்: சரியாகவே ஆகாது. 1,000-இலிருந்து 301 போனால் 699. அதைப் பாதியாக்கினால் 349.5. சின்னத்தின் அகலத்தை 300 ஆகவோ 302 ஆகவோ மாற்றுங்கள். இரட்டைப்படைக்கு இரட்டைப்படை, ஒற்றைப்படைக்கு ஒற்றைப்படை. 12-க்கு 36 அங்குல விரிப்பை அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் அமைக்கும்போது அகலம் 10,800, நடுமடிப்பு 5,400-இல் விழும். அதில் ஒற்றைப்படை அகலமுள்ள எதையும் நடுவில் வைக்காமலிருப்பது நல்லது.

கேள்வி: அறுபதாம் கல்யாணத்துக்காக ஒரு குடும்பத்தைத் தெப்பக்குளத்தின் சுற்றுச்சுவரருகே நிறுத்திக் கையில் பிடித்தே இரண்டு படங்கள் எடுத்தேன். ஒன்றில் பாட்டி கண்ணை மூடிவிட்டார். இரண்டையும் லேயர்களாக்கி, மென்பொருளே பொருத்திவிடும் ஆட்டோ அலைன் கட்டளையைக் கொடுத்தால், நடுமண்டபம் பொருந்துகிறது, மனிதர்கள் பொருந்தவில்லை. சில நேரம் அந்தக் கட்டளையே மங்கலாக இருக்கிறது.
— புகைப்படக் கலைஞர், மதுரை

பதில்: மங்கலாக இருப்பதற்குக் காரணம், படங்களை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்களாக (மூலப்படத்தை மாறாமல் உள்ளே பொதிந்து வைக்கும் லேயர்களாக) கொண்டுவந்திருப்பதாக இருக்கும். லேயரின் மேல் வலது சொடுக்கி ராஸ்டரைஸ் செய்தால், அதாவது சாதாரணப் பிக்சல் லேயராக்கினால், கட்டளை உயிர்பெறும். பைல் பட்டியலில் ஸ்கிரிப்ட்ஸ் என்பதன் கீழ், கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திறக்கும் வசதி இருக்கிறது. அதில் திறக்கும்போதே பொருத்திவிடும் தெரிவும் உண்டு.

பொருந்தாததற்குக் காரணம் வேறு. முதல் படத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் நீங்கள் அரை அடி நகர்ந்திருந்தால் போதும். பேருந்தில் போகும்போது சாலையோரப் புளிய மரங்கள் வேகமாகப் பின்னே ஓடுவதையும், தொலைவில் நாகமலை அசையாமல் நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் இருப்பது அதிகம் நகரும், தொலைவில் இருப்பது குறைவாக நகரும். உங்கள் படத்தில் சுற்றுச்சுவரருகே நிற்கும் குடும்பம் பக்கம், நடுமண்டபம் தொலைவு. மண்டபத்தைப் பொருத்தினால் மனிதர்கள் விலகுவார்கள். மனிதர்களைப் பொருத்தினால் மண்டபம் விலகும். இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்தும் நகர்த்தல் எதுவும் இல்லை. மென்பொருள் கூர்மையான, மாறுபாடு மிகுந்த விளிம்புகளைத் தேடிப் பிடிக்கும். மண்டபத்தின் தூண்களிலும் கோபுரத்திலும் அவை ஏராளம் என்பதால் அது மண்டபத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. நீரின் அலைகள் படத்துக்குப் படம் மாறுவதால் அவை குழப்பத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

உங்களுக்கு வேண்டியது பாட்டியின் கண்கள் மட்டும்தான். மண்டபத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. கண் திறந்திருக்கும் படத்திலிருந்து பாட்டியின் தலையையும் தோளையும் மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் – ஜே அழுத்தித் தனி லேயராக்கிக்கொள்ளுங்கள். அதை மற்றப் படத்தின் மேல் கொண்டுவந்து, லேயரின் கலப்பு முறையை 'டிபரன்ஸ்' என்று மாற்றுங்கள். இந்த முறையில் இரண்டு லேயர்களும் ஒன்றுபோல் உள்ள இடம் கறுப்பாகத் தெரியும்; விலகியிருக்கும் இடம் வெளிச்சக் கோடாகத் தெரியும். இனி அம்புக்குறி விசைகளால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்துங்கள். ஷிப்டோடு சேர்த்தால் பத்துப் பத்தாக நகரும். மூக்குத்தி, புருவம், சேலைக் கரை ஆகியவற்றில் உள்ள வெளிச்சக் கோடுகள் ஒவ்வொன்றாக அணைவதைப் பார்க்கலாம். தலை சற்றுச் சாய்ந்திருந்தால் கன்ட்ரோல் – டி அழுத்தி மெல்லத் திருப்புங்கள். முகம் போதிய அளவு கறுத்ததும் கலப்பு முறையை நார்மலுக்கு மாற்றி, மாஸ்க் (அழிக்காமலே மறைக்கும் திரை) சேர்த்து, கண்களையும் நெற்றியையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை மென்மையான தூரிகையால் மறையுங்கள். அந்த முகத்தை நன்கு அறிந்தவர்கள் பார்க்கப்போகும் படம் இது. ஆகவே மறைக்கும் எல்லை சுருக்கங்களின் நடுவே ஓடாமல், நெற்றிக் கோட்டோடும் கன்னத்தின் நிழலோடும் ஓடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமலை நாயக்கர் மகாலில் எடுக்கும் படங்களை இணைப்பவர்களுக்கும் ஒரு சொல். ஒன்றுபோல் உள்ள தூண்கள் வரிசையாக வரும்போது, மூன்றாவது தூணை நான்காவது என்று மென்பொருள் எடுத்துக்கொண்டு ஒரு தூணையே விழுங்கிவிடும். இரண்டு படங்களுக்கும் பொதுவான பகுதி ஐந்தில் இரண்டு பங்காவது இருக்கட்டும். அந்தப் பகுதியில் ஒரு மனிதரோ அறிவிப்புப் பலகையோ, வேறெங்கும் திரும்ப வராத ஒன்று இருக்கட்டும்.

கேள்வி: ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு லேயரை இழுத்துப் போட்டால் இடம் மாறிவிடுகிறது. முன்பு இருந்த இடத்திலேயே வைக்க முடியாதா?
— ஒரு வாசகி, அலங்காநல்லூர்

பதில்: முடியும். இழுக்கும்போது ஷிப்டை அழுத்தியபடியே விடுங்கள். இரண்டு கோப்புகளும் பிக்சல் கணக்கில் ஒரே அளவாக இருந்தால் லேயர் பழைய இடத்திலேயே உட்காரும்; அளவு வேறானால் நடுவில் உட்காரும். நகலெடுத்து ஒட்டுவதாக இருந்தால் கன்ட்ரோல் – ஷிப்ட் – வி பயன்படுத்துங்கள்.

கேள்வி: சுங்குடிச் சேலைகளுக்கான விளம்பரத்தில் பின்னணியாகச் சுங்குடிப் புள்ளிகளை நிரப்ப, 600-க்கு 600 பிக்சலில் ஒரு கட்டம் வரைந்து, திரும்பத் திரும்ப நிரப்பும் பேட்டர்னாக்கினேன். புள்ளிகளுக்கு இடையே 35 பிக்சல். கட்டங்கள் சேரும் இடத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன.
— ஜவுளி விளம்பர வடிவமைப்பாளர், மதுரை

பதில்: 600-ஐ 35-ஆல் வகுத்துப் பாருங்கள். 17 முறை போய் 595 ஆகிறது; 5 மிஞ்சுகிறது. கடைசிப் புள்ளிக்கு 5 பிக்சல் தள்ளி அடுத்த கட்டத்தின் முதல் புள்ளி வந்துவிடுகிறது. 35 இருக்க வேண்டிய இடத்தில் 5 இருந்தால் மோதாமல் என்ன செய்யும்?

கட்டத்தை 595 ஆக்கினால் இந்த ஒரு கோணல் நீங்கும். ஆனால் சுங்குடியில் புள்ளிகள் ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை பாதி இடைவெளி தள்ளி அமைந்தால்தான் அழகு. 35-இல் பாதி 17.5, மறுபடி அரைப் பிக்சல். ஆகவே இடைவெளியை 36 என்று வையுங்கள், பாதி 18. கட்டம் 576-க்கு 576. குறுக்கே 16 புள்ளிகள். வரிசைக்கு வரிசை 18 பிக்சல் இறங்கினால் மொத்தம் 32 வரிசைகள். வரிசைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டியது கட்டாயம். ஒற்றைப்படையானால் மேல்கட்டத்தின் கடைசி வரிசையும் கீழ்க்கட்டத்தின் முதல் வரிசையும் ஒரே நேரில் வந்துவிடும். வரைந்து முடித்ததும், பில்டர் பட்டியலில் அதர் என்பதன் கீழ் உள்ள ஆப்செட்டைத் திறந்து இரண்டு திசைகளிலும் 288 கொடுத்து, சுற்றிவரும் தெரிவை இயக்குங்கள். விளிம்புகள் நான்கும் நடுவுக்கு வந்துவிடும். அங்கே சிலுவை போல ஒரு கோடு தெரியவில்லை என்றால் கட்டம் சரி.

ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, விரலால் கிள்ளி நூலால் முடிந்து சாயம் தோய்ப்பதால் உருவாவது. அதில் ஒரு புள்ளியைப் போல இன்னொன்று இருப்பதில்லை. வட்டக் கருவியால் வரைந்த 512 ஒரே மாதிரிப் புள்ளிகள் அந்தத் துணியைப் போல ஒருபோதும் தோன்றாது. உண்மையான சேலை ஒன்றை நல்ல வெளிச்சத்தில் மேலிருந்து நேராகப் படமெடுத்து, அதிலிருந்து பல புள்ளிகளை வெட்டி, மேற்சொன்ன இடைவெளியில் கலந்து வையுங்கள். இடம் முழு எண்ணில் இருக்கட்டும். உருவம் கை முடிந்தபடியே இருக்கட்டும்.

கேள்வி: நாட்காட்டி ஒன்றைப் போட்டோஷாப்பிலேயே முடித்துச் சிவகாசிக்கு அனுப்பினேன். அச்சாகி வந்ததில் சிறிய கறுப்பு எழுத்துகளைச் சுற்றி ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் தெரிகின்றன. என் கோப்பில் லேயர்கள் சரியாகத்தான் இருந்தன. யார் மீது பிழை?
— ஒரு வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: லேயர் விலகவில்லை, பிளேட் (அச்சகத்தின் அச்சுத் தகடு) விலகியிருக்கிறது. ஆனால் அந்த விலகல் கண்ணில் படும்படி ஆனதற்குக் கோப்பும் ஒரு காரணம்.

ஆப்செட் அச்சில் நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிளேட்டுகள் தனித்தனியே தாளின் மேல் பதிகின்றன. திரைக்கான வண்ண முறையில் நீங்கள் தேர்ந்தெடுத்த கறுப்பை அச்சு முறைக்கு மாற்றும்போது, போட்டோஷாப் தன் வழக்கமான அமைப்பில் அதை 75 விழுக்காடு நீலம், 68 செந்நீலம், 67 மஞ்சள், 90 கறுப்பு என்று நான்காகப் பிரித்துவிடுகிறது. 'ஞ', 'ண' போன்ற நுண்ணிய வளைவுகள் நிறைந்த எழுத்துகளை நான்கு பிளேட்டுகளும் ஒரே இடத்தில் பதிக்க வேண்டியிருக்கிறது. தாள் சற்றே நீண்டாலும் சுருங்கினாலும் வண்ணம் வெளியே எட்டிப் பார்க்கும். எழுத்து ஒரே பிளேட்டில் மட்டும் இருந்திருந்தால் அந்தச் சிறு விலகலை யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை கோப்பை முதலில் அச்சு வண்ண முறைக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு எழுத்தின் நிறத்தைக் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று கையால் கொடுங்கள். அந்த எழுத்து லேயரின் கலப்பு முறையை மல்டிப்ளை ஆக்குங்கள். அப்போது பின்னணியின் வண்ணம் எழுத்துக்கு அடியிலும் தொடர்ந்து ஓடும், வெள்ளை விளிம்பு தோன்றாது. எழுத்தைப் பிக்சலாக்காமல் பிடிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள்.

பிழை யாருடையது என்று அறிய, வெட்டப்படாத ஒரு தாளை அச்சகத்திலிருந்து கேட்டு வாங்கி, ஓரத்தில் இருக்கும் கூட்டல் குறி போன்ற ரிஜிஸ்டர் அடையாளத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அது ஒற்றைக் கறுப்புக் கோடாக இருந்தும் படத்துக்குள் ஏதாவது விலகியிருந்தால், உங்கள் கோப்பைத் திறந்து தேடுங்கள். அந்தக் கோடே நீலமாகவும் சிவப்பாகவும் பிரிந்து தெரிந்தால், தாளை எடுத்துக்கொண்டு போய் இயந்திரம் ஓட்டுபவரிடம் காட்டுங்கள். எந்த பிளேட் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அவர் அந்த ஒரு குறியைப் பார்த்தே சொல்லிவிடுவார்.